கத்தரி எடுக்குமுன் கூலி பேசுக!

முடி வெட்டிக் கொள்வதைப்பற்றி ஒரு வியாசமா என்று நம் வாசகர்களிற் சிலர் நகைக்கக்கூடும். நாட்டிலே எத்தனையோ பெரிய பிரச்னைகள் இருக்க, க்ஷவரக் கூலிக்காகக் காகிதத்தையும் மையையும் செலவிடுவானேன் என்றும் கேட்கக்கூடும். அவ்வாறு நகைக்கும் அன்பர்களுக்கு நாம் முதலிற் சொல்லிக்கொள்வது யாதெனில், மனிதனுடைய மானம் பெரிய மேடைகளில் மட்டும் போவதில்லை. முடிவெட்டுக் கடையின் நாற்காலியிலும் போகிறது என்பதேயாம். போவதை நாம் கண்ணாரக் கண்டோம். கண்டதைச் சொல்லாமலிருக்க நம்மால் முடியவில்லை.

சிங்கப்பூரிலே சைனாடவுன் என்னும் பகுதி பெயரளவிற் சீனருடையதாயினும், தமிழனுக்கு அந்நியமான இடமன்று. சவுத் பிரிட்ஜ் சாலையிலே 1827-ஆம் ஆண்டில் தோன்றிய மாரியம்மன் கோயில் இன்றும் அங்கேதான் நிற்கிறது. அதன் கோபுரத்தை வைத்துத்தான் பக்கத்துத் தெருவுக்குப் பகோடா தெரு என்று பெயரும் ஏற்பட்டது. சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் அப்பக்கம் சென்றிருந்தபோது, ஒரு முடிதிருத்தும் கடையின் வாயிலில் சிறு கூட்டம் கூடியிருக்கக் கண்டு நாமும் எட்டிப் பார்த்தோம். உள்ளே நம்மவர் ஒருவர், எழுபது வயதைக் கடந்தவர், கழுத்திலே துணி சுற்றியபடி, தலை ஈரத்துடன் நின்றுகொண்டிருந்தார். வாயிற் பலகையில் முடிவெட்ட 8 வெள்ளி என்று கண்டிருந்தது. அவர் கையிற் கொடுத்திருந்த சீட்டிலோ 248 வெள்ளி! வெட்டுக் கூலி 8, தலைத்தோலுக்கு மருந்து 160, கழுவி ஆவி பிடித்ததற்கு 80. பெரியவர் சட்டைப் பையில் இருந்ததோ 30 வெள்ளி.

கடைக்காரர் நம்மிடம் சொன்ன சமாதானம் இது: "முடி கொட்டுகிறதே, மருந்து போடட்டுமா என்று கேட்டோம். அவர் தலையை ஆட்டினார். விலைப் புத்தகம் மேஜைமேல் இருக்கிறது." புத்தகத்தைப் பார்த்தோம். இருந்தது உண்மைதான். ஆனால் பெரியவருக்குப் படிக்கத் தெரியாத எழுத்திலே, கண்ணாடி போட்டாலும் தெரியாத அளவிலே இருந்தது. "மருந்துக்கு 160 வெள்ளி என்று வாயால் ஒருமுறை சொன்னீரா?" என்று கேட்டோம். அதற்கு விடையில்லை. அரைமணி நேரம் நியாயம் பேசியபின், 20 வெள்ளி பெற்றுக்கொண்டு அவரை விட்டார்கள்.

ரயில் நிலையம்வரை அவருடன் நடந்தோம். வழியெல்லாம் அவர் பேசவில்லை. படியில் இறங்குமுன் நின்று, "முன்னாலேயே விலையைக் கேட்டிருந்தால் காசில்லாதவன் என்று நினைப்பார்களே, தம்பி, அதனாலே கேட்கவில்லை," என்றார்.

இவ்வொரு வார்த்தைக்காகத்தான் நாம் இந்த வியாசத்தை எழுத உட்கார்ந்தோம்.

நிற்க. அதே வாரத்தில் சிராங்கூன் சாலைப் பக்கத்து முடிவெட்டுக் கடை ஒன்றில், இதற்கு நேர் எதிரான காட்சியையும் காண நேர்ந்தது. அங்கே கூலி சுவரிலே தமிழிலும் ஆங்கிலத்திலும் தெளிவாக எழுதப்பட்டிருந்தது: வெட்டுக்கு 10 வெள்ளி. நன்றாக உடுத்திய நம்மவர் ஒருவர், வெட்டி முடித்துக் கண்ணாடியில் இருபக்கமும் பார்த்து மீசையும் ஒதுக்கிக்கொண்டபின், 5 வெள்ளி நோட்டை மேஜைமேல் எறிந்து, "இந்த வேலைக்கு இது போதும், போ," என்று சொல்லி எழுந்து நடந்தார். ஊரிலிருந்து வந்த அந்த இளைஞர், வெட்டியவர், ஒரு வார்த்தை பேசவில்லை. நோட்டை எடுத்து இழுப்பறையில் வைத்துவிட்டு அடுத்தவருக்குத் துணியை உதறினார்.

ஒரு கடையிலே தொழிலாளி ஏமாற்றினான். மற்றொரு கடையிலே வாடிக்கைக்காரன் ஏமாற்றினான். இரண்டும் வெவ்வேறு நோய்களென்று தோன்றலாம். நாம் சொல்லுகிறோம், நோய் ஒன்றே. முதற்கடையில் கூலி மறைக்கப்பட்டது. இரண்டாங் கடையில் கூலி எழுதப்பட்டிருந்தும் அதனை மதிக்கவேண்டுமென்ற எண்ணமே வாடிக்கைக்காரருக்கு இல்லை. கொடுப்பது தம் பிரியம் என்பது அவர் நினைப்பு. பெரியவர் கேட்க நாணினார்; இளைஞர் கேட்க அஞ்சினார். உழைப்புக்கு விலை சொல்லுவதும் கேட்பதும் இழிவு என்னும் பழைய எண்ணமே இரண்டுக்கும் வேர்.

இவ்வெண்ணம் எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து விழவில்லை. நம் கிராமங்களிலே க்ஷவரத் தொழிலாளிக்கு வெட்டுக்கு இவ்வளவென்று கூலி இருந்ததில்லை. ஆண்டு முழுதும் வீடுவீடாய்ச் சென்று, திண்ணையில்கூட அமராது கொல்லைப்புறத்திலும் மரத்தடியிலும் குந்தி, பெரியவருக்கும் பிள்ளைக்கும் சிரைத்துவிடுவான். கல்யாணத்திலும் சாவிலும் அவன் வேண்டும். பிள்ளைப்பேற்றுக்கு அவன் மனைவி மருத்துவச்சியாக வேண்டும். இத்தனைக்கும் கூலி யாது? அறுவடைக் காலத்திலே களத்து மேட்டில் நின்றால் மிராசுதார் அளந்து போடும் நெல். அளப்பவர் மனம் குளிர்ந்தால் ஒரு மரக்கால் கூடும். முகம் சுளித்தால் குறையும். போதாதென்று சொல்ல அவனுக்கு வாயில்லை. சொன்னால் அடுத்த நாள் ஊரில் வாழ்வில்லை. அங்கே கூலித் தகராறே எழவில்லை என்று பழமையைப் புகழ்வார் உளர். எப்படி எழும்? தகராறு செய்வதற்கு இருவர் வேண்டும்; இருவருக்கும் வாய் வேண்டும். ஒருவன் வாயைக் கட்டிப்போட்டுவிட்டு, பாருங்கள் எவ்வளவு அமைதி என்று மெச்சுவது நியாயமாகுமா?

தோட்டங்களுக்கு வந்தபோது இந்த முறை சற்று வேஷம் மாறியது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலே தொழிலாளியின் சம்பளச் சீட்டில் வண்ணார் பேரிலும் நாவிதர் பேரிலும் மாதந்தோறும் பிடித்தம் விழுந்ததைத் தோட்டத்துச் சகோதரர்கள் நன்கறிவர். வெட்டிக்கொண்டாலும் பிடித்தம், வெட்டிக் கொள்ளாவிட்டாலும் பிடித்தம். உழைத்தவனும் தன் கூலியைத் தானே பேசவில்லை, கொடுத்தவனும் தானே கொடுக்கவில்லை. இடையிலே கணக்குப்பிள்ளையின் பேனா பேசியது. இப்படித் தலைமுறை தலைமுறையாய் விலை பேசாமல் வாழ்ந்தவர்கள், பட்டணத்துக் கடை நாற்காலியில் அமர்ந்ததும் திடீரென்று வாய் திறப்பார்களென்று எதிர்பார்ப்பது எங்ஙனம்?

ஆகவேதான் கடைச் சுவரில் தொங்கும் விலைப் பலகையை நாம் சாதாரணப் பொருளாகக் கருதவில்லை. அது ஒரு சீர்திருத்தச் சாசனம். "இன்ன வேலைக்கு இன்ன கூலி, கொடுப்பவன் எவனாயினும் இந்த நாற்காலியில் உட்காரலாம்," என்று அப்பலகை சொல்லுகிறது. கிராமத்து நாவிதன் இன்ன ஜாதிக்குச் சிரைப்பான், இன்ன ஜாதிக்குச் சிரைக்கமாட்டான் என்ற கட்டுப்பாடு இருந்ததே, அதன் முதுகெலும்பை முறிப்பது இந்தப் பலகைதான். இந்தியாவில் 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம், தீண்டாமை காரணமாகப் பொதுவான தொழிற் சேவையை மறுப்பது குற்றமென விதித்தது. 1976-இல் அதனைத் திருத்திக் கடுமையாக்கிக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயரும் மாற்றினார்கள். அப்படியும் முடிவெட்ட மறுக்கும் கடைகளைப்பற்றித் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் இன்றும் செய்தி வருகிறதென்றால், விலை பேசிச் செய்யும் தொழிலுக்கும், ஜாதி பார்த்துச் செய்யும் ஊழியத்துக்குமுள்ள பேதம் இன்னும் நம்மவர் மனத்தில் பதியவில்லையென்பது தெளிவு. சிராங்கூன் சாலையில் 5 வெள்ளி எறிந்தாரே, அவர் எறிந்தது நோட்டையன்று. களத்து மேட்டு மரக்காலை.

இனிச் சைனாடவுன் கடையின் தந்திரத்தைச் சற்று ஆராய்வோம். அங்கே ஒருகாலத்தில் ஐந்தடிப் பாதையிலே சுவரில் ஒரு கண்ணாடியை மாட்டி, ஒரு நாற்காலியைப் போட்டு முடிவெட்டியவர்கள் ஏராளம். அவர்களுடைய கூலி தெருவுக்கே தெரியும். மறைப்பதற்கு இடமுமில்லை, மருந்துமில்லை. இன்று அப்படியன்று. கடை வாடகை ஏறிவிட்டது. வெட்டுக் கூலியால் மட்டும் வாடகை கட்ட முடியாதென்று சில கடைக்காரர்கள் துணிந்துவிட்டார்கள். எனவே வாயிலில் 8 வெள்ளி என்பது தூண்டிலில் மாட்டிய புழு. உள்ளே வந்து அமர்ந்து, கழுத்தில் துணி கட்டி, தலை நனைந்தபிறகுதான் மருந்துப் பேச்சு ஆரம்பமாகும். தலை நனைந்தவன் எழுந்து தெருவில் ஓடுவானா? மாட்டான். அந்த நிலைமையில் அவன் தலையாட்டுவதைச் சம்மதமென்று எழுதிக்கொள்வது பகற்கொள்ளை. வேறு சிலர், பத்து முறைக்கு முன்பணம் கட்டினால் பாதி விலை என்று ஆசை காட்டிப் பெரும் பணம் வாங்குகிறார்கள். கடை மூடினால் பணமும் போயிற்று, முடியும் வளர்ந்தது.

இதனைக் கேட்டு, சீனர் கடையென்றால் இப்படித்தான் என்று எவரேனும் ஜாதிப் புத்தியைக் காட்டுவாராயின் அவருக்குச் சொல்லுகிறோம்: சைனாடவுன் வட்டாரத்துக் கடைகளிலே இவ்வாறு சிக்கியவர்களாக அண்மை ஆண்டுகளில் பத்திரிகைகளில் வந்தவர்களிற் பலர் வயது முதிர்ந்த சீனர்களே. ஏமாற்றுகிறவனுக்கு இனமில்லை, ஏழை முதியவன் எந்த மொழி பேசினாலும் அவனுக்குப் போதும். நம்மவர் கடைகளிலும், தலைக்குச் சாயமிட உட்கார்ந்த பெண்ணிடம் "முடி நீளமாயிற்றே, அதற்குத் தனி" என்று முடிவிற் கூட்டிக் கேட்பதை நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். முடியின் நீளம் உட்கார்ந்த பிறகா வளர்ந்தது? முன்னரே பார்த்துச் சொல்லக் கூடாதா?

சட்டம் இவ்விஷயத்தில் வாய்மூடி இருக்கவில்லை. சிங்கப்பூரில் 2003-இல் நிறைவேறி 2004 மார்ச்சு முதல் நடைமுறையிலிருக்கும் பயனீட்டாளர் பாதுகாப்பு நியாய வணிகச் சட்டத்திலே, முதலிற் சொன்ன மதிப்பைக் காட்டிலும் மிக அதிகமாக விலை வாங்குவது நியாயமற்ற செய்கையாக எண்ணப்படுகிறது. வேலை செய்யுமுன் வாடிக்கைக்காரர் அவ்வதிக விலைக்கு வெளிப்படையாக இசைந்திருந்தால் மட்டுமே விலக்கு. தம்மைக் காத்துக்கொள்ள இயலாதவரையும், பேசும் மொழியை அறியாதவரையும் அந்நிலையறிந்து பயன்படுத்திக் கொள்வதும் அச்சட்டத்தின்படி நியாயமற்றதே. ஆதலால், "தலையை ஆட்டினார்" என்ற சமாதானம் செல்லாக் காசு.

வழக்காட வக்கீல் வைக்கப் பணமேது என்று மலைக்கவும் வேண்டாம். சிங்கப்பூரில் 1985 முதல் சிறு கோரிக்கைகளுக்கென்றே நடுவர் மன்றம் இருக்கிறது. அங்கே வக்கீலுக்கு இடமில்லை; இரு தரப்பாரும் தாமே பேசவேண்டும். 20,000 வெள்ளி வரையிலும், இரு தரப்பாரும் எழுத்தில் இசைந்தால் 30,000 வெள்ளி வரையிலும் கேட்கலாம். இரண்டாண்டுக்குள் போகவேண்டும். 5,000 வெள்ளிக்கு மேற்படாத வழக்குக்குப் பயனீட்டாளர் கட்டும் கட்டணம் 10 வெள்ளி. அதற்குமுன் 1971 முதல் இயங்கிவரும் பயனீட்டாளர் சங்கத்தாரிடமும் முறையிடலாம். மலேசியாவிலுள்ள தோட்டத்துச் சகோதரர்களுக்கு 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஏற்பட்ட பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரை அங்கே கேட்கலாம். கட்டணம் 5 ரிங்கிட். ஒரு முடிவெட்டுக் காசைவிடக் குறைந்த செலவில் நியாயம் கேட்க வழியிருக்க, கடை வாயிலில் கூச்சலிட்டுக் கை கலப்பதா அறிவுடைமை?

இதைக் கடைக்காரருக்கு எதிரான பிரசங்கமென்று எண்ணிவிட வேண்டாம். வாடிக்கைக்காரர் செய்யும் அக்கிரமம் எந்த அளவிலும் குறைந்ததன்று. வெட்டி முடியும்வரை சும்மா இருந்துவிட்டு, பணம் கொடுக்கும் நேரத்திலே "பிடிக்கவில்லை" என்று சொல்வது ஒரு வழக்கம். குறித்த நேரத்துக்கு வாராமல் தொழிலாளியின் ஒரு மணி நேரத்தைக் கொன்றுவிட்டு, மறுநாள் சிரித்துக்கொண்டு வருவது ஒரு வழக்கம். "நம்ம ஆள்தானே, கணக்கில் வை," என்பது ஒரு வழக்கம். நம்ம ஆள் என்பதற்காக மளிகைக் கடையில் அவனுக்கு அரிசி இனாமாய்க் கிடைக்குமா? எல்லாவற்றிலும் கொடியது, கூலி கேட்டவனை அவன் ஜாதிப் பெயரைச் சொல்லி ஏசுவது. அப்படி ஏசுகிறவன் படித்தவனாயினும், பதவியிலிருப்பவனாயினும், அவன் நம்மோடு பேசத் தகுதியற்றவன் என்போம்.

இத்தொழில் கைத்திறன் என்பதை நம்மவர் இன்னும் உணரவில்லை. மலேசியாவில் முடிதிருத்தும் கடைகளுக்கு வெளிநாட்டுத் தொழிலாளர் எடுப்பது 2009 முதல் நிறுத்தப்பட்டிருந்தபடியால், ஆளில்லாமல் மூடிய கடைகள் பல. 2023-இல் அக்கடைகளுக்கும், ஜவுளி, நகைத் தொழில்களுக்குமாகச் சேர்த்து 7,500 பேரை எடுக்க அரசாங்கம் இசைந்தது. இழிதொழிலென்று நாம் ஒதுக்கிய தொழிலுக்கு ஆள் வேண்டுமென்று சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் மன்றாட வேண்டியிருந்தது! இழிவென்றால் அவரவர் தலையை அவரவரே வெட்டிக்கொள்வதுதானே?

அப்படியானால் செய்யவேண்டியது யாது? நாம் நினைப்பது மிகவும் எளிது.

கடைக்காரர் தம் கூலி முழுவதையும், வெட்டுக்கு மட்டுமன்றிச் சாயம், மருந்து, கழுவுதல் யாவற்றுக்கும், அங்கு வருவோர் படிக்கும் மொழிகளிற் பெரிய எழுத்தில் எழுதி வாயிலில் மாட்டவேண்டும். கத்தரியைக் கையில் எடுக்குமுன் மொத்தத் தொகையை வாயாற் சொல்லவேண்டும். இடையிலே புதிதாக ஒன்று சேர்ப்பதாயின், கையை நிறுத்தி, விலையைச் சொல்லி, "வேண்டாம்" என்ற பதிலையும் அதே முகமலர்ச்சியுடன் ஏற்கவேண்டும். பணம் பெற்றால் சீட்டுக் கொடுக்கவேண்டும். தகராறு வந்தால் ஆளைத் தடுத்து நிறுத்துவதோ, அடையாள அட்டையையோ கைப்பேசியையோ பிடுங்கி வைப்பதோ கூடாது. பெயரும் தொகையும் எழுதிக்கொண்டு நடுவர் மன்றத்துக்குப் போகட்டும். உழைத்தவனுக்கும் அந்தக் கதவு திறந்தேயிருக்கிறது.

வாடிக்கைக்காரர் உட்காருமுன் விலையைக் கேட்கவேண்டும். எப்படி வெட்டவேண்டுமென்பதையும் தெளிவாகச் சொல்லவேண்டும். குறையிருந்தால் நாற்காலியில் இருக்கும்போதே சொல்லித் திருத்த இடங்கொடுக்க வேண்டும். வெட்டிய முடியை ஒட்டவைக்க முடியாதாகையால், தொழிலாளி சொன்னபடி செய்யாது கெடுத்திருந்தால் அந்தக் குறைக்கேற்பக் கூலியைக் குறைப்பது நியாயம். தாம் கேட்டதையே செய்திருக்க, கண்ணாடியில் முகம் அழகாயில்லை என்பதற்காகக் கூலியைப் பிடிப்பது நியாயமன்று. முகத்துக்குக் கத்தரி பொறுப்பாகாது.

"அண்ணே, தம்பி என்று உறவாடுமிடத்தில் விலை பேசினால் அன்பு கெட்டுவிடும்," என்பார் சிலர். நாம் இதற்கு உடன்படோம். ஜப்பானிலே 1996-இல் டோக்கியோவில் தோன்றிய கியூபி ஹவுஸ் என்னும் கடையார், பத்து நிமிஷ வெட்டுக்கு 1,000 யென் என்று ஒரே விலை வைத்தார்கள். முதலில் இயந்திரத்திற் பணம் போட்டுச் சீட்டு வாங்கினால்தான் நாற்காலி. அம்முறை சிங்கப்பூருக்கும் வந்து பரவிவிட்டது. அங்கே உறவுமுறை இல்லாதிருக்கலாம். ஆனால் சீட்டு வாங்கியவனுக்கு அஞ்சவும் நாணவும் ஒன்றுமில்லை. அந்த அச்சமின்மையோடு நம் அண்ணன் தம்பி முறையும் சேர்ந்தால் யாருக்கு நஷ்டம்? கூலியைக் கொடுத்தபின் மனமகிழ்ந்து மேலும் 2 வெள்ளி கொடுப்பது அன்பு. கூலியே இன்னதென்று சொல்லாமல், "பார்த்துக் கொடுங்கள்" என்று கை நீட்ட வைப்பது பிச்சை. இவ்விரண்டுக்குமுள்ள வித்தியாசத்தை அறியாதவர்கள் அன்பைப்பற்றிப் பேசவேண்டாம்.

தோட்டத்துச் சகோதரர்களே! பட்டணத்துச் சகோதரர்களே! விலையைக் கேட்பவன் காசில்லாதவனல்லன். தான் உழைத்துப் பெற்ற காசின் அருமையை அறிந்தவன். விலையைச் சொல்லுபவன் பேராசைக்காரனல்லன். தன் உழைப்பின் மதிப்பை அறிந்தவன். இதை உங்கள் வீட்டு முதியவர்களுக்கு இன்றே எடுத்துச் சொல்லுங்கள். அடுத்த முறை அவர்கள் முடிவெட்டப் போகும்போது முடிந்தால் கூடவே போங்கள். போக முடியாவிட்டால், "எவ்வளவு?" என்று முதலிற் கேட்கும்படி சொல்லியனுப்புங்கள். தொழிற் சங்கத்தாரும் கடை முதலாளிகளும் அந்தக் கேள்விக்கு உரத்த குரலிற் பதில் சொல்லும் வழக்கத்தைத் தத்தம் கடைகளில் ஏற்படுத்தட்டும்.

ரயில் நிலையப் படியில் நின்று நம்மிடம் பேசிய அந்தப் பெரியவர், ஐம்பதாண்டு உழைத்துக் கைகள் காய்ப்புக் காய்த்தவர். ஒரு கடையில் வாய் திறந்து விலை கேட்க அவர் நாணினாரென்றால், அந்த நாணம் அவருடையதன்று. அவரை அப்படிப் பழக்கிய சமூகத்தினுடையது. நாண வேண்டியவர் அவரல்லர், நாம்.